ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட்டைக் குடும்பத்தோடு படியுங்கள்: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

கம்பெனியில் ஆண்டுதோறும் நடத்தும் உடல் பரிசோதனை முடிந்து ரிப்போர்ட் கைப்பேசிக்கு வரும்போதுதான் பலருக்கு 'லிப்பிட் புரொஃபைல்', அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, என்ற பெயரே அறிமுகமாகிறது. ஏழெட்டு எண்கள், அவற்றில் இரண்டு மூன்று தடித்த எழுத்தில். வயதோ முப்பதைச் சுற்றி. உடம்பில் ஒரு வலியும் கிடையாது. ஒரு மாதம் முட்டையை நிறுத்துகிறார்கள், காலையில் வெறும் வயிற்றில் பூண்டு விழுங்குகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். அல்சூரிலும் விவேக் நகரிலும் ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிகளிலும் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. அந்தத் தாளில் அதை வாங்கியவருடைய அண்ணனுக்கும் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும்கூடச் செய்தி இருக்கலாம். அதை யாரும் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

நம்மவர்களுக்கு மாரடைப்பு சீக்கிரம் வருகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மாரடைப்புக்கு வழிவகுப்பவற்றில் ரத்தக் கொழுப்புக் கோளாறும் புகைப்பழக்கமும் அதில் முன்வரிசையில் நின்றன. அதிலிருந்த தெற்காசியர்களை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2007-இல் வந்தது. முதல் மாரடைப்பின் சராசரி வயது நமக்கு 53, மற்ற நாட்டவர்களுக்கு 58.8. கிட்டத்தட்ட ஆறு வருடம் முந்திக்கொள்கிறது.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் காலமானபோது இந்த ஊர் மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. பயம் வந்த வாரத்தில் ஓடிப்போய்ப் பார்ப்பதைவிட, பயமில்லாத ஒரு வாரத்தில் நிதானமாகப் பார்த்துக்கொள்வது மேல். அதற்கான வழியை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரத்தம் கொடுப்பதற்கு முன்

இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 18 வயதிலேயே முதல் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மட்டும் பட்டினியிருந்து மறுபடி கொடுக்கவேண்டும். சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பதானால் எப்படியும் வெறும் வயிற்றில்தான் போவீர்கள்.

காய்ச்சல் அடித்து ஓய்ந்த வாரத்தில் கொடுக்காதீர்கள், எண்கள் மாறித் தெரியும். முந்தைய இரண்டு மூன்று நாட்களில் மது கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கொழுப்பு இயல்பாகவே ஏறியிருக்கும். அவசரக் காரணம் இல்லாவிட்டால் பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம். அடுத்தடுத்த முறைகளிலும் அதே லேபுக்கே போனால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

லிப்பிட் புரொஃபைலோடு இன்னும் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும் என்பதால் டி.எஸ்.எச். அவசியம். மூன்று மாதச் சர்க்கரை அளவும் வேண்டும். இவற்றோடு, வாழ்நாளில் ஒரு தடவையாவது, பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவைப் பார்த்துவிட வேண்டும் என்று அதே சங்கம் சொல்கிறது. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. லேபுகளின் பெரிய பேக்கேஜ்களில் அப்போ-ஏ1, அப்போ-பி என்ற இரண்டு பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஏ எடுத்தாயிற்று" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. எல், பி என்ற இரண்டு எழுத்துக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் சின்ன ஏ இருந்தால்தான் நாம் தேடுவது. இல்லையென்றால் தனியாகப் பணம் கட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

எண்களைப் படிப்பது

கையில் ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 212, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 190. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். 212-இல் 38 போக 174. இதற்கு நான்-எச்.டி.எல். என்று பெயர். ரத்தக் குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களும் இந்த 174-க்குள் அடக்கம். அடுத்து டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 38. அதையும் 174-இலிருந்து கழித்தால் 136. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொழுப்பு, என்று அச்சாகியிருப்பது இந்தக் கணக்கில் வந்த எண்தான். ஃபிரீடுவால்டு என்பவர் 1972-இல் வகுத்துக் கொடுத்த சூத்திரம் இது. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தச் சூத்திரம் எல்.டி.எல்.-ஐக் குறைத்துக் காட்டத் தொடங்கும். நம்மில் பலருக்கு டிரைகிளிசரைடு கூடுதல். ஆகவே எல்.டி.எல்.-ஐ மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம், நான்-எச்.டி.எல்.-ஐயும் பாருங்கள்.

அச்சடித்த 'இயல்பு அளவு' எல்லாருக்கும் பொதுவானது. உங்களுக்கு எது சரி என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது. 2024 வழிகாட்டுதலின்படி சாதாரண நிலையில் எல்.டி.எல். 100-க்குக் கீழும் நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழும் இருக்கவேண்டும். ஆபத்து அதிகமானால் 70, 100. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற மிகுந்த ஆபத்துள்ளவர்களுக்கு 55, 85. ஒருவருக்கு 95 நல்ல எண்ணாக இருக்கலாம், ஸ்டென்ட் வைத்த அவருடைய அப்பாவுக்கு அதே 95 போதாது. பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வில் நூற்றுக்கு 79 பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு சரியில்லை. மிகப் பரவலாகக் கண்டது நல்ல கொழுப்பின் குறைவுதான், 72 சதவீதம். எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல், எல்.டி.எல். நடுத்தரம்: இதுதான் நம் ஊர் ரத்தத்தின் வழக்கமான முகம். மொத்தக் கொலஸ்ட்ரால் 190 என்று கண்டவுடன் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று தாளை மடித்துவைப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

ஊருக்கு ஒரு போன்

மருத்துவரிடம் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. செலவில்லாதது, இதைத்தான் யாரும் செய்வதில்லை. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே: மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், பைபாஸ், சர்க்கரை, திடீர் மரணம். எந்த வயதில் என்பது மிக முக்கியம். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 65-க்கு முன்போ இதயநோய் வந்திருந்தால், அது உங்கள் கணக்கிலும் ஏறும்.

நம் குடும்பங்களில் சாவின் காரணத்தை யாரும் குறித்துவைப்பதில்லை, துருவித்தான் கேட்கவேண்டும். ஆம்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ இருக்கும் அத்தையைக் கூப்பிட்டு, தாத்தா எப்படி இறந்தார் என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும்: "மத்தியானம் சாப்பிட்டார், வாய்வு பிடித்திருக்கிறது என்று சொல்லிப் படுத்தார், எழுந்திருக்கவே இல்லையப்பா. புண்ணியவான், படுக்கையில் கிடக்கவில்லை." வயதைக் கேட்டால், "வயதானவர்தான்" என்பார். அங்கே விட்டுவிடாதீர்கள். "அத்தை, அப்போது அப்பா என்ன படித்துக்கொண்டிருந்தார்?" என்று கேளுங்கள். "உன் அப்பன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதின வருடம்" என்று வந்தால் 1975 என்று கிடைத்துவிட்டது. தாத்தாவின் பழைய ரயில்வே அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1928 என்று இருந்தால் அவர் போனது 47 வயதில். வாய்வு என்று வீட்டார் ஐம்பது வருடமாகச் சொல்லிவந்தது மாரடைப்பாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அடுத்து பெரியப்பாவைக் கேளுங்கள், பிறகு தாய்மாமாவை, சித்தியை. மூன்று போன்களில் மரம் நிரம்பிவிடும்.

நேரில் பார்க்கும்போது சில அடையாளங்களையும் கவனியுங்கள். கண் இமையின் மூக்கோரத்தில் மஞ்சள் திட்டு, குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணிலோ விரல் மொளிகளிலோ கெட்டியான புடைப்பு, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம். இவற்றில் ஒன்று இருந்து, மருந்தில்லாத நிலையில் எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் பரம்பரைக் கொழுப்பு நோய் என்ற சந்தேகம் வலுக்கிறது. புடைப்பு எதுவும் இல்லாமல் 190 தாண்டினாலும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. நம் கல்லீரலின் மேற்பரப்பில் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. தெருவுக்குத் தினமும் வரும் குப்பை ஆட்டோ பாதி நாள் வராவிட்டால் வாசல்களில் என்ன ஆகுமோ, ஏற்பிகள் பாதியாகக் குறைந்தவரின் ரத்தத்தில் அதுதான் ஆகிறது. சமைப்பவர் மேல் குற்றமில்லை, அள்ளிக்கொண்டுபோக ஆள் இல்லை. இந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசஃப் கோல்டுஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. பெற்றோர் இருவருக்கும் இருந்தால், கால்வாசி வாய்ப்பில் குழந்தை இரண்டு பக்கமும் கோளாறோடு பிறக்கும். அப்படிப் பிறக்கும் குழந்தையின் எல்.டி.எல். 400-ஐயும் தாண்டலாம், பள்ளிப் பருவத்திலேயே இதயக் குழாய் அடைக்கலாம். அக்கா மகளையும் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கிற வழக்கம் உள்ள குடும்பங்களில் இதைத் தள்ளிவைத்துவிட முடியாது. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே மரபணு இரண்டு கிளை வழியாக வந்து சேர்கிறது. உறவை நான் பழிக்கவில்லை. ஜாதகப் பொருத்தம் பார்க்கிற அந்த வாரத்திலேயே இருவருடைய லிப்பிட் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறேன். சொந்தத்தில் மணமுடித்து ஏற்கெனவே குழந்தை இருந்தால், குழந்தைக்கு ஒரு முறை பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் இந்த நோய் இருப்பது தெரிந்தால் இரண்டு வயதுக்கு மேல் பரிசோதிக்கலாம்.

பெரும்பாலோருக்கு இப்படி ஒற்றை மரபணுக் கோளாறு இருக்காது. சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் பல சேர்ந்து அளவை ஏற்றுகின்றன. அவற்றின்மேல் சாப்பாடும் தொப்பையும் புகையும் ஏறி உட்காருகின்றன. லிப்போபுரோட்டீன்-ஏ மட்டும் வேறு ரகம். நார்வே நாட்டு காரே பெர்க் 1963-இல் கண்டறிந்த இந்தத் துகளின் அளவை ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுதான் பெரிதும் முடிவு செய்கிறது. சிறு வயதில் நிலைபெறும் அளவு ஏறக்குறைய அப்படியே ஆயுள் முழுக்க நிற்கும். எந்தக் கீரையும் எந்த நடையும் அதை அசைப்பதில்லை. 50 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் அதிகம். அதை இறக்கவென்றே மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. அதுவரை நாம் செய்யக்கூடியது, எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை என மாற்ற முடிந்த மற்ற எல்லாவற்றையும் இன்னும் கறாராகக் கட்டுப்படுத்துவது.

"பரம்பரை என்றால் என்ன செய்ய முடியும்?"

இந்தக் கேள்வியோடு கைவிட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இதற்கு நேரான பதில் தருகிறது. இதயநோய்க்கான மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களிலேயே, புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியோடு, ஒழுங்கான உணவோடு இருந்தவர்களுக்கு, இவற்றைக் கடைப்பிடிக்காதவர்களைவிட இதய பாதிப்பு 46 சதவீதம் குறைவு. நான்கில் மூன்றைக் கடைப்பிடித்தவர்களையே நல்ல வாழ்க்கைமுறை உள்ளவர்களாக அதில் கணக்கிட்டார்கள். மரபணுவை மாற்றாமலேயே ஆபத்தில் பாதியை ஒட்டிக் குறைக்க இடம் இருக்கிறது.

காலத்தின் கணக்கும் உண்டு. கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளைக் குறைக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு 2003-இல் தெரியவந்தது. அந்த மரபணு சரியாக வேலை செய்யாத அமெரிக்கக் கறுப்பின மக்கள் சிலரை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். அவர்களுக்குப் பிறவியிலிருந்தே எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதயநோயோ 88 சதவீதம் குறைவு. எவ்வளவு கொழுப்பு என்பதோடு எத்தனை வருடம் என்பதும் பெருக்கலாக நிற்கிறது. முப்பது வயதில் தொடங்கும் சிறு திருத்தம், ஐம்பத்தைந்தில் தொடங்கும் பெரிய திருத்தத்துக்குக் குறைந்ததல்ல.

பெங்களூர்ச் சாப்பாடு

"நாங்கள் சைவம், முட்டைகூடத் தொடமாட்டோம், எங்களுக்கு எப்படி டிரைகிளிசரைடு 260?" மல்லேஸ்வரம் மாமி ஒருவர் உண்மையான கலக்கத்தோடு கேட்டார். காலையில் இட்லி, மதியம் குழம்பும் ரசமும் மோரும் என மூன்று தடவை சாதம், மாலையில் உப்புமா, இரவில் தோசை. நடுவே நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இதில் கொழுப்பு அதிகம் இல்லை. ஆனால் செலவாகாத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அவருக்கு நான் சொன்னது: முதலில் காபிச் சர்க்கரையை நிறுத்துங்கள், மதியம் ஒரு தடவை சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ கூட்டோ வையுங்கள், இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள்.

இந்த ஊரில் நல்லதுக்குக் குறைவே இல்லை. மார்கழியில் அவரைக்காய் மலியும். தோலுரித்த பருப்பாகவே தெருவில் விற்பார்கள். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய்ப் பரிஷெயில் புதுக் கடலை குவியும். பயறு வகைகளின் கரையும் நார்ச்சத்தும் கொட்டைகளின் கொழுப்பும் எல்.டி.எல்.-ஐக் கொஞ்சம் இறக்கும். ராகிக் களியும் நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்தே. இரண்டு உருண்டை சாப்பிட்டுவிட்டு மேலே சாதமும் போட்டுக்கொண்டால் பலன் இல்லை.

தர்ஷினியில் நின்று சாப்பிடுபவர்கள் மசால் தோசை சொல்லும்போதே "பெண்ணெ பேடா, எண்ணெ கம்மி ஹாக்கி" என்று சொல்லிவிடுங்கள். வெண்ணெய் இல்லாமல் கொடுப்பார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். பேக்கரி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பஃப்ஸ், காரா பிஸ்கட், தில்பசந்த் ஆகியவற்றின் மொறுமொறுப்பு வனஸ்பதியிலிருந்தும் பாமாயிலிலிருந்தும் வருவது. டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது, அது பெரிய ஆறுதல். ஆனாலும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தினமும் நான்கு மணிக்கு ஒரு பஃப்ஸ் என்ற அலுவலக வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வீட்டு எண்ணெயை மளிகைச் சீட்டில் அளக்கலாம்: ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், நால்வர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீத அளவில், கடலை எண்ணெயில் 20-க்குள், நெய்யில் 60-ஐ ஒட்டி, தேங்காய் எண்ணெயில் 80-க்கு மேல். மரச்செக்கில் ஆட்டினால் மணம் கூடும், இந்த விகிதம் மாறாது. தேங்காய் எண்ணெயை நல்ல கொழுப்பு என்று நம்பித் தினமும் சமைப்பவர்கள் எல்.டி.எல். அதிகமாக இருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். தாளிப்புக்கு ஒரு ஸ்பூன், அவியலுக்கு ஒரு சுற்று என்றால் சண்டை வேண்டாம்.

முட்டையைப் பற்றிய பயம் அளவுக்கு மிஞ்சியது. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு முட்டையால் குடி முழுகாது. சர்க்கரை நோயாளிகளும் பரம்பரைக் கொழுப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம்.

காபிப் பிரியர்களுக்கு ஒன்று. காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் எல்.டி.எல்.-ஐ ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரின் துளைகள் அந்த அளவுக்குப் பிடிக்காது. நாளுக்கு இரண்டு டம்ளர் என்று நிறுத்திக்கொண்டால் போதும், காபியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

மது டிரைகிளிசரைடை நேராக ஏற்றும். சிகரெட் நல்ல கொழுப்பை இறக்கி, குழாய்ச் சுவரையும் புண்ணாக்கும். இவற்றில் அளவு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். லால்பாக்கோ அல்சூர் ஏரிக்கரையோ பக்கத்தில் இல்லையென்றால் ஒரு மெட்ரோ நிலையம் முன்னதாக இறங்கி நடக்கலாம். நடை டிரைகிளிசரைடை இறக்கும், எச்.டி.எல்.-ஐக் கொஞ்சம் ஏற்றும். எல்.டி.எல். அதனால் பெரிதாக இறங்காது. மூன்று மாதம் நடந்தும் 160 அப்படியே இருக்கிறதே என்று சோர்ந்துவிடாதீர்கள். நம்மவர்களில் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டக்கூடாது. எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினால் டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்குவரை குறையும்.

மாத்திரை

சாப்பாட்டுத் திருத்தத்தால் எல்.டி.எல். பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் இறங்கும். 140 இருப்பவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். 210 இருப்பவருக்குப் போதாது. அவர் மனக்கட்டுப்பாட்டைச் சோதித்துக்கொண்டு வருடங்களைக் கடத்துவது எனக்குத் தாங்கமுடியாத விஷயம். பிறவியில் வந்ததற்கு மருந்து எடுப்பதில் தோல்வி எதுவும் இல்லை.

ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளிலிருந்து தொடங்கியவை ஸ்டேட்டின் மருந்துகள். அந்த வகையில் முதல் மருந்துக்கு 1987-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் இரண்டும்தான் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. அதிக அளவில் எல்.டி.எல். பாதியாக இறங்கும். எல்.டி.எல். 39 மில்லிகிராம் இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ஜன் ஔஷதி கடைகளில் மலிவு விலையில் கிடைக்கும். போதாதபோது எஸிடிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். அதற்கும் மேலே பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுவது உட்பட, விலை அதிகம்.

தசை வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார். சிலருக்குச் சர்க்கரை சற்று ஏறலாம், அதையும் கவனித்துக்கொள்ளலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். தேவனஹள்ளிச் சக்கோத்தா, அதாவது நம் பம்பளிமாஸ், இந்த ஊரில் பேர்பெற்றது. மருந்தோடு மோதும் கிரேப்ஃப்ரூட் இந்தப் பழத்துக்கும் சாத்துக்குடி இனத்தைச் சேர்ந்த ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. அடோர்வாஸ்டேட்டின் எடுப்பவர்கள் கூடைகூடையாகச் சாப்பிடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மிகப் பரவலான தவறு, அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது. சரியாக இருப்பது மாத்திரையால்தான். கொழுப்பைக் கரைக்கும் கஷாயம் என்று விற்பவர்கள் யாரும் இதற்கு ஈடாக நிற்க முடியாது.

முதலில் பொதுமருத்துவரிடம் போகலாம். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ எல்.டி.எல். 190-க்கு மேலோ இருந்தால் இதயநோய் நிபுணரிடம் போங்கள். பன்னார்கட்டா சாலையிலுள்ள அரசின் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் கூட்டம் அதிகம், விடியற்காலையில் போய்விடுவது நல்லது. குடும்ப மரத்தாளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அவசரத்தில் இருந்தாலும் அந்தத் தாள் முதல் பார்வையிலேயே பேசிவிடும்.

மருந்து தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் மறு பரிசோதனை. பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வேர்வை, மூச்சுத்திணறல் வந்தால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் தளர்ச்சியாகவும் வரலாம். 108-க்கு அழையுங்கள், இ.சி.ஜி. எடுக்கக்கூடிய மருத்துவமனைக்குப் போங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்குச் சொல்வது

உங்கள் எல்.டி.எல். 190-க்கு மேல், அல்லது லிப்போபுரோட்டீன்-ஏ 50-க்கு மேல் என்று தெரிந்த அன்றே உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டால் நடுவில் காணாமல்போகும், ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். "அண்ணா, எனக்கு லிப்போபுரோட்டீன்-ஏ 92 வந்திருக்கிறது. இது பரம்பரையாக வருவது. உனக்கும் இருக்க வாய்ப்பிருக்கிறது என்பதால் நீயும் ஒரு தடவை பார்த்துவிடு. லேபில் கேட்கவேண்டிய பெயரைப் படத்தில் வட்டமிட்டிருக்கிறேன்" என்று எழுதி, ரிப்போர்ட்டின் படத்தையும் சேருங்கள். "சரி, பார்க்கிறேன்" என்று பதில் வரும். பத்து நாள் கழித்துப் போன் செய்து ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.